கல்லை உடைத்தேன், உள்ளே ஏதோ இருக்கிறது: எப்படிக் கண்டுபிடிப்பது?

சுத்தியலால் தட்டியதும் கல் இரண்டாகப் பிளக்கிறது. உள்ளே வரிவரியாக ஏதோ சுருண்டு கிடக்கிறது. புதைபடிவமாக, அதாவது கல்லில் பதிந்துபோன பழைய உயிராக இருக்கலாம். கை உடனே வாட்ஸ்அப்பைத் தேடும்: "இது டைனோசரா?" கொஞ்சம் பொறுங்கள். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் கிடைத்த உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் பரவின. நிலவியலாளர்கள் வந்து பார்த்து, கடல் வண்டல் திரண்டு உருவான உருண்டைகள் என்றார்கள். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் பெரும்பாலும் கடல். அரியலூர் பக்கத்துக் கல்லமேட்டில் டைனோசர் எலும்புகள் கிடைத்ததாகப் பதிவு உண்டுதான். ஆனால் நம் கையில் சிக்குவது அநேகமாகச் சிப்பியாகத்தான் இருக்கும்.

படி 1: உடைப்பதற்கு முன்

குவாரி என்றால் அனுமதி கேளுங்கள். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் உள்ள கல்மரம் (கல்லாக மாறிய மரம்) தேசிய நிலவியல் சின்னம். அங்கே சுத்தியலைப் பையிலிருந்தே எடுக்கக் கூடாது. கண்ணாடி அணியாமல் கல் உடைக்காதீர்கள்.

படி 2: இடத்தை எழுதுங்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. ஆனால் பாதி விடை இதில்தான் இருக்கிறது. காரை என்ற ஊர்ப் பக்கத்துக் களிமண்ணில் கிடைத்தது சுமார் 10 கோடி ஆண்டுப் பழசு. அரியலூர் பக்கத்துக் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் கிடைத்தது ஏறக்குறைய 7 கோடி. ஊர், எந்த அடுக்கு, அடுக்கிலேயே இருந்ததா அல்லது உதிர்ந்து கிடந்ததா என்று குறித்துவிட்டு, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். பிளந்த இரண்டு பாதிகளையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஓடு இருக்கும், மற்றதில் அதன் அச்சு. முதல் தடவை நான் அச்சைக் குப்பை என்று வீசினேன். ஓட்டின் மேல்வரிகள் அதில்தான் தெளிவாக இருந்தன.

படி 3: உயிரா, வெறும் கல்லா?

செடிபோலக் கிளைவிட்ட கறுப்புக் கோலம் பெரும்பாலும் விரிசலில் படிந்த மாங்கனீசு. காரையில் பளபளக்கும் தகடுகள் ஜிப்சம். நகத்தால் கீறினால் கோடு விழும். ஓடு போலத் தெரிந்தால் ஓரத்தில் துளி பொடி சுரண்டி, அதன்மேல் எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கல்லே நுரைக்கும் என்பதால், இதை மட்டும் நம்பி முடிவு கட்ட வேண்டாம். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருகிறதா, இரு பக்கமும் ஒத்திருக்கிறதா என்பதுதான் நல்ல கேள்வி.

படி 4: வடிவத்தைப் படியுங்கள்

முறுக்கு போல ஒரே தளத்தில் சுருண்டிருந்தால் அம்மோனைட்டாக (அழிந்துபோன, சுருள் ஓட்டுக் கடல் உயிர்) இருக்க நல்ல வாய்ப்பு. சங்கு போலப் புரிபுரியாக மேலேறினால் நத்தை இனம். சந்தேகமென்றால் உடைந்த பக்கத்தைப் பாருங்கள்: அம்மோனைட்டுக்குள் அறை அறையாகத் தடுப்பு இருக்கும், நத்தைக்கு இருக்காது. ஓடு உரிந்த இடத்தில் இலை விளிம்பு போல வளைந்து நெளியும் கோடுகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். பூஜையறையில் சாளக்கிராமம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிது. கண்டகி ஆற்றிலிருந்து வரும் அந்தக் கறுப்புக் கற்களில் பல, அம்மோனைட் பதிந்தவைதான்.

துப்பாக்கிக் குண்டு போல, ஒரு முனை கூர்ந்த கல் பெலம்னைட். கணவாயின் தூரத்து உறவு. குறுக்கே உடைந்த இடத்தில் நடுவிலிருந்து சைக்கிள் சக்கரக் கம்பி போல இழைகள் ஓடும்.

சிப்பிகளில்தான் குழப்பம். ஒரு ஓட்டின் நடுவே கோடு கிழியுங்கள். இடமும் வலமும் ஒத்திருந்தால் பிராக்கியோபாட் (சிப்பி போலவே இரண்டு ஓடு கொண்ட வேறு இனக் கடல் உயிர்). இரண்டு ஓடுகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போல இருந்தால் இருவோட்டுச் சிப்பி. இந்த விதியைக் கல்லங்குறிச்சியில் அப்படியே போட்டால் ஏமாறுவீர்கள். அங்கே மண்டிக் கிடக்கும் கிரைபியா வகைச் சிப்பியில் ஒரு ஓடு கிண்ணம்போல வளைந்திருக்கும், மற்றது வெறும் மூடி. ஆனாலும் அது இருவோட்டுச் சிப்பிதான்.

மர இழை தெரியும் துண்டில் விரல் பருமன் குழாய்கள் இருந்தால், கடலில் மிதந்த மரத்தைத் துளைத்த சிப்பியின் வேலை.

படி 5: கேளுங்கள்

வாரணவாசியில் உள்ள அரியலூர் புதைபடிவ அருங்காட்சியகத்தில் இந்தப் பகுதிப் படிவங்களை வைத்திருக்கிறார்கள். உங்கள் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதிலும் தெரியாவிட்டால் கல்லூரி நிலவியல் துறையில் காட்டலாம். எலும்பு போலச் சல்லடைத் துளையோடு ஏதாவது வந்தால் மட்டும் மேற்கொண்டு உடைக்காமல், அப்படியே விட்டுவிட்டுச் சொல்லி அனுப்புங்கள்.

அதுவரை பெட்டியில் ஒட்டும் சீட்டில் பென்சிலால் எழுதுங்கள்: "சிப்பி? காரை, களிமண், உதிரி." அந்தக் கேள்விக்குறியை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். என் பெட்டியில் ஆறு வருடமாக நிற்கும் கேள்விக்குறிகள் இருக்கின்றன.