ஜெர்மன் ஜெயண்ட் பியர்டட் டிராகன்: வாங்குவதற்கு முன்பிருந்து முதல் வருடம் வரை

சாதாரண பியர்டட் டிராகன், அதாவது தாடி ஓணான், மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை 40 முதல் 55 சென்டிமீட்டர் வளரும். ஜெர்மன் ஜெயண்ட் என்று சொல்லப்படும் வகை 60 சென்டிமீட்டரைத் தாண்டும். 70ஐத் தொட்டவற்றைப் பற்றியும் வளர்ப்பவர்கள் சொல்வார்கள். இது தனி இனம் இல்லை. இரண்டுமே பொகோனா விட்டிசெப்ஸ்தான், ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதியைச் சேர்ந்த ஓணான். ஆஸ்திரேலியா 1960களிலேயே காட்டு விலங்கு ஏற்றுமதியை நிறுத்திவிட்டதால், இன்று உலகெங்கும் வீடுகளில் இருப்பவை பல தலைமுறைகளாக வளர்ப்பில் பிறந்தவை. அவற்றில் பெரிய உடல் கொண்டவற்றை ஜெர்மனியில் தேர்ந்தெடுத்து இணை சேர்த்து வந்ததில் உருவானதுதான் இந்த வம்சம்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஓணான் பெரிதாவது பரம்பரையால், தீனியால் அல்ல. நன்றாக ஊட்டினால் இன்னும் பெரிதாகும் என்று நம்பி இதைக் கொழுக்க வைப்பவர்கள் நிறைய. நீங்கள் செய்ய வேண்டியது, அது வளர்ந்து முடிக்கும் அளவுக்கு இடமும் வெயிலும் தருவது மட்டுமே.

படி 1: பெற்றோரைப் பாருங்கள்

குஞ்சைப் பார்த்து இது ஜெயண்ட்டா என்று யாராலும் சொல்ல முடியாது. முட்டையிலிருந்து வரும்போது எல்லாமே ஏறக்குறைய 10 சென்டிமீட்டர்தான். உடல் அளவைத் தீர்மானிப்பது ஒரே ஒரு மரபணு இல்லை, பல சேர்ந்து. அதனால் இதற்கென்று பரிசோதனையும் கிடையாது. சாதாரண ஓணானோடு ஒன்றிரண்டு தலைமுறை கலந்தாலே அளவு இறங்கிவிடும். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டே வரும்.

என் முதல் ஓணானை "அசல் ஜெயண்ட்" என்று சொல்லித்தான் விற்றார்கள். 52 சென்டிமீட்டரில் நின்றுவிட்டது. அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அருமையான பிராணி. ஆனால் விற்றவரிடம் நான் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்: தாய், தந்தை இரண்டின் பக்கத்திலும் அளவு நாடா வைத்து எடுத்த படம், அவற்றின் வயது, எடை. மூக்கிலிருந்து மலத்துவாரம் வரை உள்ள நீளத்தையும் தனியாகக் கேளுங்கள். குஞ்சுப் பருவத்தில் கூடப் பிறந்தவை வால் நுனியைக் கடித்திருந்தால் மொத்த நீளம் குறைத்துக் காட்டும்.

கூடவே, நீங்கள் இருக்கும் இடத்தில் இதை வளர்க்க அனுமதி உண்டா என்பதையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

படி 2: வளர்ந்த அளவுக்குக் கூண்டு

சாதாரண ஓணானுக்கே 120 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 60 உயரம் வேண்டும். ஜெயண்ட்டுக்கு 180 × 60 × 60 என்று திட்டமிடுங்கள். அகலம் 75 ஆக முடிந்தால் இன்னும் நல்லது. 65 சென்டிமீட்டர் உடல் 60 சென்டிமீட்டர் அகலத்துக்குள் திரும்பும்போது வால் மடங்கித்தான் திரும்பும்.

குஞ்சை நேரடியாகப் பெரிய கூண்டில் விடலாமா? விடலாம். ஒளியவும் ஏறவும் நிறைய பொருட்களை வைத்து, தீனிப் பூச்சிகளை ஒரே இடத்தில் கொடுத்தால் போதும். தரைக்கு முதல் இரண்டு மாதம் செய்தித்தாளே சிறந்தது, எச்சத்தைத் தெளிவாகப் பார்க்கலாம். அப்புறம் சொரசொரப்பான கல் பலகைகளுக்கு மாறலாம்.

ஒரு கூண்டில் ஒரே ஓணான். ஜோடியாக வைத்தால் பலம் உள்ளது மற்றதன் வெயிலையும் உணவையும் பிடுங்கிக்கொள்ளும். ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்திருப்பது பாசம் இல்லை.

படி 3: வெயில் காயும் இடம்

பெரிய ஓணான் வளர்ப்பில் அதிகம் தவறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஓணான் தன் உடல் சூட்டை வெளியிலிருந்துதான் பெறுகிறது. சூடு போதவில்லையென்றால் தின்றது செரிக்காது. வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ், எதிர்ப்பக்கம் 24 முதல் 28, இரவில் 20 அளவில் இருக்கட்டும். மேற்பரப்பு வெப்பத்தைத் துப்பாக்கி போன்ற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளக்க வேண்டும். கூண்டுச் சுவரில் ஒட்டும் வட்ட மீட்டரை நம்ப வேண்டாம்.

சின்ன ஓணானுக்கு ஒரு பல்ப் போதும். ஜெயண்ட்டின் முதுகு அகலம். ஒரே ஒரு குறுகிய ஒளிக்கற்றை நடு முதுகை மட்டும் சுட்டுவிட்டு, தோளையும் இடுப்பையும் குளிராகவே விட்டுவிடும். உடல் முழுதும் சூடேறட்டும் என்று அது அங்கேயே கிடக்க, முதுகு வெந்து போகும். அதற்கு வழி, குறைந்த வாட் கொண்ட இரண்டு ஹாலோஜன் பல்புகளை அருகருகே மாட்டி, டிம்மிங் தெர்மோஸ்டாட்டில், அதாவது சூட்டைப் பார்த்து பல்பின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியில் இணைப்பது. கழுத்திலிருந்து வால் தொடங்கும் இடம் வரை வெளிச்சத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது யூவிபி, அதாவது வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரில் ஒரு வகை. வைட்டமின் டி3 உருவாக இது தேவை, டி3 இல்லாமல் கால்சியம் உடலில் சேராது. யூவிபி 10 அல்லது 12 சதவீதம் என்று குறிப்பிட்ட டி5 (மெல்லிய வகை) குழல் விளக்கு வாங்குங்கள், சுருள் பல்ப் வேண்டாம். கூண்டு நீளத்தில் பாதியாவது இருக்கும் குழலை, வெயில் காயும் பக்கத்திலேயே மாட்டுங்கள். கண்ணாடி யூவிபியை ஏறக்குறைய முழுதும் தடுத்துவிடும், கம்பி வலை ஒரு பங்கைத் தடுக்கும். அதனால் வலைக்கு உள்ளே, ஓணான் முதுகிலிருந்து 30 முதல் 40 சென்டிமீட்டர் உயரத்தில் வையுங்கள். கல்லிலிருந்து அளக்காதீர்கள். வளர வளர முதுகு விளக்கை நெருங்கும், சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்ப அளக்க வேண்டும். குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் யூவிபி குறைந்துவிடும், 12 மாதத்தில் மாற்றிவிடுங்கள்.

தினமும் 12 முதல் 14 மணி நேரம் வெளிச்சம், இரவில் முழு இருட்டு. சிவப்பு, நீல இரவு விளக்குகள் வேண்டாம். சூடேறும் செயற்கைக் கல்லும் வேண்டாம், வயிற்றைச் சுட்டுவிடும்.

படி 4: தீனி

முதல் ஆறு மாதம் பூச்சிதான் பிரதானம். தினமும் இரண்டு மூன்று வேளை, பத்து நிமிடத்தில் தின்னும் அளவு. பூச்சியின் அளவு ஓணானின் இரு கண்களுக்கு இடையிலான தூரத்தைத் தாண்டக் கூடாது. கிரிக்கெட் எனும் சுவர்க்கோழி, டூபியா கரப்பான், பிளாக் சோல்ஜர் ஈயின் புழு மூன்றும் நல்லவை. பூச்சிக்கு முந்தைய நாளே கீரையும் கேரட்டும் கொடுத்து, பிறகு கால்சியம் தூளில் புரட்டிக் கொடுங்கள். வேகமாக நீளும் எலும்புக்குக் கால்சியம் போதாவிட்டால் தாடை மென்மையாகும், விரல்கள் துடிக்கும், முதுகு வளையும்.

ஆறாம் மாதத்திலிருந்து ஒருவேளையாகக் குறையுங்கள். ஒரு வயதுக்கு மேல் தட்டில் பெரும்பங்கு இலையும் காயும்தான். எண்டைவ் கீரை, டான்டிலையன் செடியின் இலை, செம்பருத்தி இலையும் பூவும், பூசணி எல்லாம் ஏற்றவை. பூச்சி வாரம் இரண்டு மூன்று முறை போதும். பாலக்கீரையில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் அடிக்கடி வேண்டாம். அவகேடோ கூடவே கூடாது. மின்மினிப் பூச்சி ஒன்றே ஒன்று போதும், உயிரை எடுத்துவிடும்.

படி 5: வாரம் ஒருமுறை தராசு

சமையலறை டிஜிட்டல் தராசில் ஒரு டப்பாவை வைத்து எடை எடுத்து நோட்டில் எழுதுங்கள். மாதம் ஒருமுறை நீளம். முதல் வருடத்தில் எடையும் நீளமும் சேர்ந்து ஏற வேண்டும். நீளம் நின்று எடை மட்டும் ஏறினால் அது கொழுப்பு. தலையின் மேல் கண்களுக்குப் பின்னால் உள்ள மேடுகளைத் தொட்டுப் பாருங்கள்: பள்ளமாக இருந்தால் மெலிவு அல்லது நீர்ச்சத்துக் குறைவு, புடைத்திருந்தால் தீனி அதிகம். 12 முதல் 18 மாதத்துக்குள் வளர்ச்சி பெரும்பாலும் முடிந்துவிடும். அப்போது 56இல் நின்றால் 56தான், அதற்கு மேல் ஊட்டி நீட்ட முடியாது.

படி 6: தூக்குவது, மருத்துவர், முட்டை

மேலிருந்து கை நீட்டாதீர்கள், ஓணான் கண்ணுக்கு அந்தக் கை பருந்து. பக்கவாட்டில் கையை நுழைத்து, நெஞ்சையும் பின்னங்கால்களையும் சேர்த்துத் தாங்குங்கள். பெரிய உடலில் பாதி அந்தரத்தில் தொங்கினால் பயந்து துள்ளும். தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி அதன் எச்சத்தில் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்த முதல் மாதத்திலேயே ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் எச்சத்தைப் பரிசோதிக்கக் கொடுங்கள். காக்சிடியா ஒட்டுண்ணி வளர்ப்பு ஓணான்களில் சாதாரணம், குஞ்சின் வளர்ச்சியை அதுவும் நிறுத்தும்.

பெண் என்றால் ஒரு வயதையொட்டி, ஆணே இல்லாவிட்டாலும் முட்டை வைக்கலாம். 20க்கு மேல் வைப்பதும் உண்டு. சாப்பிடாமல் மூலையைத் தோண்ட ஆரம்பித்தால், அது முழுதாக உள்ளே திரும்பக்கூடிய பெட்டியில், 25 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரத்தில் மண்ணும் மணலும் கலந்து நிரப்பி வைத்துவிட்டு, ஒரு துணியால் கூண்டை மறைத்துத் தனியாக விடுங்கள். தோண்டி இரண்டு நாள் ஆகியும் முட்டை வராமல் சோர்ந்து படுத்தால், காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் கொண்டு போங்கள்.