பேரப்பிள்ளை பயந்துபோய் நம்மிடம் வந்தால்

மாப்பிள்ளையின் குடி தாங்காமல் மகள் பிரிந்து வந்து, இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறாள். பேரன் ஒட்டன்சத்திரத்தில் எங்களோடு. இதே நிலையில் இருக்கும் தாத்தா பாட்டிகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் ராத்திரியைச் சரிபண்ணுங்கள், படிப்பெல்லாம் அப்புறம். வந்த புதிதில், தெருவில் எக்ஸெல் வண்டிச் சத்தம் கேட்டாலே இவன் அரிசி டிரம்முக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொள்வான். அப்பன் குடித்துவிட்டு வந்து இறங்கும் சத்தம் அது. "ஆம்பளப் பிள்ளை பயப்படலாமா" என்று இழுத்து வெளியே விடக்கூடாது. நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "அது பால்காரர் வண்டிடா, வா பாப்போம்" என்பேன். வராவிட்டால் வற்புறுத்த மாட்டேன். போகப்போக அவனே ஜன்னலில் எட்டிப் பார்த்து, "பால்காரர்தான் தாத்தா" என்று எனக்குச் சொல்ல ஆரம்பித்தான். படுக்கையில் ஒன்றுக்குப் போனால் பேசாமல் துணியை மாற்றிவிடுங்கள். அதைச் சொந்தபந்தம் முன்னால் சொல்லிச் சிரிக்கவே கூடாது.

நான் கண்டக்டராக இருந்தவன், நேரத்தைப் பற்றிப் பேசாமல் முடியாது. பள்ளி விடும்போது கேட்டில் நிற்பேன் என்று சொன்னால் நின்றாக வேண்டும். முடியாத நாளில், "இன்னைக்கு அம்மாச்சி வருவா" என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். எப்போது என்ன நடக்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டே வளர்ந்த பிள்ளைக்கு, சொன்னது சொன்னபடி நடப்பதுதான் மருந்து.

ஹவாயில் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் பல பத்தாண்டுகள் கவனித்தார்கள். வறுமை, குடி, சண்டை என்று பல கஷ்டங்களில் பிறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகவே தலையெடுத்தார்கள். அப்படி வந்தவர்களுக்குப் பாட்டியோ தாத்தாவோ வேறு யாரோ, விட்டுப்போகாத ஒரு பெரியவராவது இருந்தார். பணக்காரத் தாத்தாவாக இருக்க வேண்டும் என்றில்லை பாருங்கள்.

"அப்பா எங்கே?" என்று கேட்டால் துபாய், வெளியூர் என்று கதை கட்டாதீர்கள், வேறு யாராவது போட்டு உடைத்துவிடுவார்கள். "அப்பாவுக்குக் குடிப்பழக்கம் இருக்கு, அதனால இங்க இருக்கோம், உன்மேல தப்பில்ல" என்று சொன்னால் போதும். அவன் காதுபட மாப்பிள்ளையைத் திட்டாதீர்கள். என் வீட்டம்மாவுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம். திட்டித் தீர்க்க வேண்டுமானால் மாடிக்குப் போய்விடுவாள்.

தாயைத் தள்ளிவைக்காதீர்கள். மகள் ஷிஃப்ட் முடிந்து தினமும் போன் பண்ணுவாள். புதுச் சட்டை, ஊர்த் திருவிழா எதுவானாலும் "அம்மாகிட்டக் கேளு" என்றுதான் சொல்வோம்.

வகுப்பு ஆசிரியரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிவையுங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம், காசு கிடையாது. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு; கணவனை இழந்த, கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகளும் கேட்கலாம். கிராமமானால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-க்குள், நகரமானால் 96,000-க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள். ஆதார், வருமானச் சான்று, பள்ளியில் வாங்கும் சான்று எல்லாவற்றையும் ஊரிலேயே ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள். ஆபீஸ் பக்கத்துக் கடையில் வரிசையில் நின்றால் அரைநாள் போய்விடும்.