டைப்-சி கேபிளில் சார்ஜ் ஏறாத ஹெட்போன் ஆம்ப்
என் கையடக்க ஆம்ப்-டாக் (டிஜிட்டல் பாட்டை ஒலியாக மாற்றி, ஹெட்போனுக்குப் பெருக்கித் தரும் கருவி) ஒரு வாரமாக சார்ஜே ஏறவில்லை. லேப்டாப் சார்ஜரில், இரு முனையும் டைப்-சி உள்ள கேபிளைச் செருகினால் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு எரியவே இல்லை. பேட்டரி போய்விட்டது என்றே நினைத்தேன், மனசே சரியில்லை.

அப்புறம் பழைய போன் சார்ஜரில், ஒரு முனை யூஎஸ்பி-ஏ, மறுமுனை சி என்றிருக்கும் கேபிளைப் போட்டதும் உடனே எரிந்தது! இரு முனையும் சி என்றால், கருவிக்குள் சிசி பின்களில் (கருவி செருகப்பட்டதை சார்ஜர் கண்டுகொள்ளும் இணைப்பு முனைகள்) 5.1 கிலோ ஓம் மின்தடை இருந்தால்தான் சார்ஜர் 5 வோல்ட்டைத் திறந்துவிடும். சில கருவிகளில் அதை வைக்காமலே விட்டுவிடுகிறார்கள், இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் விஷயம். ஏ முனையில் அந்தக் கேள்வியே இல்லை.

சார்ஜ் போட்டபடி கேட்டால் மெல்லிய இரைச்சல் வருகிறது, அதனால் கழற்றிவிட்டுத்தான் பாட்டு.