சுயநலக்காரர்களுக்கு நடுவே நிம்மதியாக இருக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உறவுச் சிக்கல்களைப் பற்றி மனம்விட்டுப் பேசும் குழுக்களைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். தன் காரியமே பெரிதென்று இருக்கும் ஒருவருடனோ, எதை எடுத்தாலும் குறை காணும் ஒருவருடனோ அன்றாடம் பழகியே ஆக வேண்டிய நிலையில் இருப்பவர்கள்தான் அங்கே அதிகம் வருகிறார்கள். என் நிம்மதியை இனி அவர் கையில் கொடுக்கப் போவதில்லை என்ற உறுதியோடு வரும் புதியவர்கள், வந்த சில வாரங்களிலேயே சில தவறுகளை வரிசையாகச் செய்கிறார்கள். அந்தத் தவறுகள் எனக்கு நன்கு பழக்கமானவை. நானும் அந்த வழியாகத்தான் வந்தேன்.

பதிலுக்குப் பதில் கத்துவது, பழிவாங்கக் காத்திருப்பது போன்றவை தவறு என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நல்லது என்று நம்பிச் செய்யும் தவறுகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

உள்ளே கொதித்துக்கொண்டு வெளியே சிரிப்பது

எப்போதும் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் முதலில் செய்வது, எது நடந்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான். முகத்தை அடக்கிவிட்டால் மனமும் அடங்கிவிடும் என்று நம்புகிறார்கள். ஆனால் உணர்ச்சியை வெளிக்காட்டாமல் மறைப்பது உணர்ச்சியைக் குறைப்பதில்லை. மறைக்கும் வேலையும் சேர்ந்துகொள்வதால் உடலின் பதற்றம் கூடத்தான் செய்கிறது. 2003ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், முன்பின் அறிமுகமில்லாத பெண்களை இருவர் இருவராக அமர்த்தி, மனத்தைக் கலங்கடிக்கும் ஒரு படத்தைக் காட்டி, அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சில இணைகளில் ஒருவரிடம் மட்டும் உணர்ச்சியைக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று தனியே சொல்லி வைத்திருந்தார்கள். அந்த ஏற்பாடே தெரியாமல் எதிரில் உட்கார்ந்து பேசியவருக்கும் இரத்த அழுத்தம் ஏறியது.

ஆகவே, சிரித்துச் சமாளிப்பதைக் காட்டிலும், "இப்படிப் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது, வேறு விஷயம் பேசுவோம்" என்று குரலை உயர்த்தாமல் ஒருமுறை சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. அவர் கேட்பாரா என்பது வேறு கேள்வி. சொன்னவருடைய உள்ளமும் முகமும் ஒன்றாக இருக்கும் என்பதே இதில் கிடைக்கும் பயன்.

காரணங்களை அடுக்குவது

முடியாது என்பதற்கு ஒரு காரணம் போதும். இரண்டாவது காரணத்தைச் சொல்லும்போதே பேரம் தொடங்கிவிடுகிறது.

கொட்டித் தீர்ப்பதாக எண்ணி, திரும்பத் திரும்பப் பேசுவது

இவ்வளவு காலத்துக்குப் பிறகும் என்னைப் பொறுமை இழக்கச் செய்யும் தவறு இது. மற்ற எல்லாத் தவறுகளையும் சேர்த்தாலும், ஒருவருடைய வாழ்நாளிலிருந்து இது எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கு ஈடாகாது. போதாததற்கு, அக்கறை உள்ளவர்கள்தான் இதைச் செய்யச் சொல்லிக் கொடுக்கிறார்கள். "மனசுல வச்சுக்காத, கொட்டித் தீர்த்துடு" என்ற அறிவுரையைக் கேட்காதவர் இருக்க முடியாது. ஒருமுறை கொட்டினால் குறையும் என்பது உண்மை. தினமும் கொட்டினால் தினமும் ஊறும் என்பதை யாரும் சொல்வதில்லை.

எங்கள் குழுவுக்கு வந்த ஒரு பெண், தான் செய்த வேலையைச் சக ஊழியர் ஒருவர் அவருடைய வேலையாகக் காட்டிக்கொள்வதால் மிகவும் நொந்து போயிருந்தார். அந்த ஊழியரைப் பற்றிப் பேசத் தொடங்கியதும், அவர் பேசுவது போலவே குரலை மாற்றிப் பேசிக் காட்டினார். கைப்பேசியை எடுத்து, முன்பே இரண்டு முறை படித்துக் காட்டிய அதே குறுஞ்செய்தியை மறுபடியும் படித்தார். படிக்கும்போது தாடை இறுகி, கழுத்து நரம்பு புடைத்தது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அக்காவை அழைப்பாராம். "அக்கா, இன்னிக்கு அவ என்ன பண்ணினா தெரியுமா?" என்று தொடங்கும் பேச்சு, "அவ புத்தியே அதுதான்டி, நீதான் ஏமாளியா இருக்க" என்ற அக்காவின் பதிலோடு மேலும் சூடேறி நெடுநேரம் நீளும். அதன் பிறகு தூக்கம் வராது. மறுநாள் அந்த ஊழியர் வாயைத் திறப்பதற்கு முன்பே இவருக்குக் கோபம் தயாராக இருக்கும்.

ஒரு தாளை இரண்டு பத்தியாக மடித்துக் கொடுத்தேன். இடப் பக்கத்தில் அந்த ஊழியருடன் அன்று உண்மையில் கழித்த நேரத்தையும், வலப் பக்கத்தில் அவரைப் பற்றிப் பேசியும் நினைத்தும் கழித்த நேரத்தையும் எழுதச் சொன்னேன். இடப் பக்கத்தில் கால் மணி நேரம் என்று உடனே எழுதிவிட்டார். வலப் பக்கத்தில் ஒரு மணி என்று எழுதி, அடித்து, இரண்டு மணி என்று எழுதி, குளிக்கும்போது நினைத்ததும் சேருமா என்று கேட்டு, அதையும் அடித்தார். சுயநலக்காரர் தானாக எடுத்துக்கொண்டது கால் மணி நேரம்தான். மீதியை யாரும் கேட்காமல் இவரே கொடுத்திருக்கிறார்.

கோபத்தைக் கொட்டினால் தணியும் என்ற நம்பிக்கையை உளவியலாளர் பிராட் புஷ்மன் நேராகச் சோதித்துப் பார்த்து, 2002இல் முடிவுகளை வெளியிட்டார். மாணவர்களைக் கட்டுரை எழுத வைத்து, இவ்வளவு மோசமான கட்டுரையைப் படித்ததே இல்லை என்ற பொருளில் ஒரு கருத்தைத் திருப்பிக் கொடுத்து அவர்களுக்குக் கோபமூட்டினார். ஒரு பிரிவினர் அப்படி எழுதியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் உடற்பயிற்சியை நினைத்துக்கொண்டு குத்தினார்கள். மூன்றாம் பிரிவினர் இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். புண்படுத்தியவரை நினைத்துக் குத்தியவர்களிடம்தான் கோபமும் திருப்பித் தாக்கும் போக்கும் மிகுந்திருந்தன. சும்மா உட்கார்ந்திருந்தவர்களே மிகக் குறைவான மூர்க்கத்தோடு இருந்தார்கள்.

அப்படியானால் அறிவுள்ளவர்கள்கூட இதை ஏன் விடாமல் செய்கிறார்கள்? அதே 2002ஆம் ஆண்டு அமாண்டா ரோஸ் என்ற ஆய்வாளர், சிக்கல்களைச் சேர்ந்து உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பேசும் சிறுவர் சிறுமியரைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. அப்படிப் பேசுபவர்களிடையே நட்பு நெருக்கமாக இருந்தது; கூடவே கவலையும் மனச்சோர்வும் அதிகமாக இருந்தன. நெருக்கம் கிடைப்பதால் நோவு தெரிவதில்லை. அந்தப் பெண்ணுக்கும் அக்காவுக்கும் இடையே நடந்ததும் இதுவே. முகத்தையே பார்த்திராத ஓர் ஊழியரை அக்கா வெறுக்கத் தொடங்கினார். தங்கைக்கு ஒரு நல்ல செய்தி வந்து, அதைச் சொல்ல அழைத்த அன்றும், "இன்னிக்கு அவ என்ன பண்ணினா?" என்றுதான் அக்கா முதலில் கேட்டாராம். இதைச் சொன்னபோதுதான் அந்தப் பெண் அழுதார். அன்பான ஓர் உறவு, அன்பில்லாத ஒருவரைப் பற்றிய பேச்சாகச் சுருங்கிப் போவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் ஆறவில்லை.

யாரிடமும் எதையும் சொல்லக் கூடாது என்பது இதன் பொருளல்ல. அடுத்து நான் என்ன செய்யலாம் என்ற கேள்வியோடு, ஒருவரிடம், ஒருமுறை சொல்லுங்கள். இரண்டாம் முறை சொல்ல வாயெடுக்கும்போது, இதில் புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அதுதான் நிறுத்த வேண்டிய இடம். தனியே இருக்கும்போது நினைவு வந்து மொய்த்தால் அதை விரட்டப் பாடுபட வேண்டாம், விரட்ட விரட்ட அது வலுக்கும். உங்கள் பெயரைச் சொல்லி, இன்னொருவரிடம் கேட்பது போல, "இவர் இப்போது என்ன செய்தால் நல்லது?" என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். இப்படித் தன் பெயரைச் சொல்லித் தன்னோடு பேசுவது மன உளைச்சலைத் தணிப்பதாக ஈதன் க்ராஸும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் எழுதியிருக்கிறார்கள். பிறகு கையும் கவனமும் சேர்ந்து ஈடுபடும் ஏதாவது ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் மறுத்து, மறுநாள் இணங்குவது

தன்னலக்காரரின் கோரிக்கையை மூன்று முறை மறுத்துவிட்டு, நான்காம் முறை அவர் முகம் வாடியதும் சரி என்று சொல்பவர், மூன்று முறை மறுத்தும் பயனில்லை என்று வருந்துகிறார். உண்மையில், நான்கு முறை கேட்டால் கிடைக்கும் என்பதை மறுத்தவரே அவருக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார். எப்போதும் பலன் தரும் நடத்தையைவிட, எப்போதாவது எதிர்பாராமல் பலன் தரும் நடத்தையே எளிதில் விடாது என்பது ஸ்கின்னர், ஃபெர்ஸ்டர் என்ற உளவியலாளர்களின் காலத்திலிருந்து, அதாவது 1950களிலிருந்து, உளவியலில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. அதனால்தான் உறுதியாக மறுக்கத் தொடங்கிய முதல் நாட்களில் அவருடைய தொல்லை குறையாமல் கூடுகிறது. புதியவர்கள் இதைத் தோல்வி என்று எண்ணி அந்தக் கட்டத்தில் விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். பழைய வழி பலிக்கவில்லை என்பதை அவர் உணரத் தொடங்கியதன் அடையாளம் அது. நிலையாகக் காக்க முடியாத எல்லையை வகுக்காமலே இருப்பது மேல். சிறிய எல்லையாக இருந்தாலும் எந்த நாளும் மாறாததாக இருக்கட்டும்.

அவர் திருந்திய பிறகு மகிழ்ச்சியாக இருக்கலாம் என்று காத்திருப்பது

காத்திருக்க வேண்டாம்.

எல்லோருக்கும் ஒரே முத்திரை குத்துவது

இந்தப் பாடங்களைக் கற்றவர்கள், சில நாட்களில் தம்மைச் சுற்றியுள்ள பாதிப் பேரை எதிர்மறை மனிதர்கள் என்று ஒதுக்கத் தொடங்குவதையும் பார்க்கிறேன். பிறர் தவறினால் அவர் குணம் அப்படி என்றும், நாம் தவறினால் சூழ்நிலை அப்படி என்றும் எண்ணுவது மனித இயல்பு. இதில் முதல் பாதிக்கு லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977இல் பெயரே சூட்டினார். துக்கத்தில் இருப்பவரும், மனச்சோர்வால் பாதிக்கப்பட்டவரும், தீராத வலியோடு வாழ்பவரும் உற்சாகமாகப் பேச முடியாது. அவர்களிடமிருந்து விலகி நம் மகிழ்ச்சியைக் காத்துக்கொள்வதாகச் சொல்வதே தன்னலம்தான். நீங்கள் நலமா என்று அவர் எப்போதாவது கேட்டிருக்கிறாரா, தன் சொல் புண்படுத்தியது என்று தெரிந்தால் வருந்துகிறாரா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் அவருக்கு முத்திரை தேவையில்லை. கொஞ்சம் பொறுமையும், தேவையானால் மருத்துவ உதவிக்கான வழியும்தான் தேவை.

இதற்கு நேர்மாறாக, அடிக்கிறவரையும், மிரட்டுகிறவரையும், பணத்தையும் வெளித்தொடர்புகளையும் பறித்துக்கொண்டு முடக்கி வைக்கிறவரையும், கொஞ்சம் சுயநலக்காரர் என்ற மென்மையான சொல்லுக்குள் அடக்கிப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். அச்சம் இருக்கும் இடத்தில் மகிழ்ச்சியாக இருப்பது எப்படி என்ற கேள்வியே எழக் கூடாது. பாதுகாப்பான இடத்துக்குப் போவது, நம்பகமான ஒருவரிடம் நடந்ததைச் சொல்லி வைப்பது, சட்ட உதவியை நாடுவது ஆகியவையே அங்கு முதல் வேலை. மேலே எழுதியவற்றில் எதையும் அதற்கு முன் முயன்று பார்க்க வேண்டாம்.