வில்லுப்பாட்டு கற்க ஆசையா? குடத்துப் பக்கம் உட்காருங்கள்

எடுத்த எடுப்பிலேயே வில்லின் நாணில் அடிக்கும் வீசுகோலைத் தொடாதீர்கள். நெல்லை, கன்னியாகுமரிப் பக்கம் கொடைவிழா நடக்கும் ஏதாவது ஒரு கோயிலில் ராத்திரி முழுக்க குடம் அடிப்பவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரு கையில் இருக்கும் மட்டை குடத்தின் வாயில் எப்போது விழுகிறது, மறுகை எப்போது பக்கவாட்டில் தட்டுகிறது என்று பாருங்கள். வில்லும் அந்தக் குடத்தின் கழுத்தோடுதான் கட்டியிருக்கும்.

அப்புறம் பின்பாட்டில் சேர்ந்து 'ஆமா' போடப் பழகுங்கள். சுலபம்தானே என்று தோன்றும். கதையை முன்நின்று பாடும் புலவர் மூச்சு வாங்கும் இடத்தில் விழாமல் சொல்லுக்கு நடுவே விழுந்தால் கதையே நொண்டும், எனக்கு அது பிடிபடவே மாதக்கணக்கானது.

சுடலைமாடன் கதையில் சாமியாடிக்கு அருள் வந்தால் பாட்டை நிறுத்தாதீர்கள். வேகத்தைக் கூட்டி அதே அடியைத் திருப்பித் திருப்பிப் பாடுங்கள்.

தொண்டைக்குச் சுக்குவெந்நீர். ஐஸ் தண்ணீர் கூடவே கூடாது.