போன் இல்லாமல், வாட்ச் இல்லாமல் எவ்வளவு நேரம் ஆச்சு என்று கண்டுபிடிக்க: சென்னை வானத்துக்கான கணக்கு

முதலில் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். "இப்போ மணி என்ன?" என்பது ஒன்று, "வந்து எவ்வளவு நேரம் ஆச்சு?" என்பது வேறு. வெளியில் இருக்கும்போது பெரும்பாலும் தேவைப்படுவது இரண்டாவதுதான். சுலபமானதும் அதுதான். ஆரம்பத்தில் ஒரு குறி, முடிவில் ஒரு குறி, நடுவில் உள்ள இடைவெளியை நேரமாக மாற்றத் தெரிந்தால் போதும். ஆனால் அந்த ஆரம்பக் குறியைப் போட மறந்துவிட்டு, பீச்சில் பாதி அரட்டை ஓடியபிறகு யோசித்தால் எந்த வித்தையும் கைகொடுக்காது, மனசு சொல்லும் கணக்கையோ நம்பவே கூடாது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பத்து நிமிடம் அரை மணியாகத் தெரியும், பேச்சு சுவாரசியமாகப் போனால் நேர் எதிர். ஆகவே போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை குறி வைப்பது.

அப்புறம் இன்னொன்று. இணையத்தில் கிடைக்கும் வழிமுறைகளில் பாதி, சூரியன் சாய்வாக விழுகிற குளிர்நாடுகளுக்காக எழுதப்பட்டவை. சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கு அட்சரேகையில். இங்கே சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறி செங்குத்தாக இறங்கும். அதனால் அந்தக் கணக்குகளை அப்படியே எடுத்தால் பெரிய அளவில் தப்பும்.

உதாரணத்துக்கு எல்லோருக்கும் தெரிந்த விரல் கணக்கு. கையை நீட்டி, உள்ளங்கையை உங்கள் பக்கம் திருப்பி, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவில் எத்தனை விரல் அடங்குகிறது என்று பார்ப்பார்கள். ஒரு விரல் 15 நிமிடம், நாலு விரல் ஒரு மணி நேரம் என்பார்கள். லண்டன் மாதிரி ஊரில் சூரியன் அடிவானத்தை உரசிக்கொண்டே சாய்வாக இறங்குவதால் அது ஓரளவு சரியாக வரலாம். இங்கே நாலு விரல் என்றால் சுமார் அரை மணி நேரம்தான், ஒரு விரலுக்கு 7, 8 நிமிடம். நான் விரலைவிட முஷ்டியைத்தான் நம்புவேன். கையை முழுசாக நீட்டி மடக்கினால் முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. வானம் மணிக்கு 15 டிகிரி சுற்றுகிறது, எனவே சென்னையில் ஒரு முஷ்டிக்கு 40 நிமிடம், மார்கழியில் 45 என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் கை சரியாக 10 டிகிரிதானா என்று தெரிய, அடிவானத்திலிருந்து நேர் உச்சி வரை முஷ்டி மேல் முஷ்டி அடுக்கிப் பாருங்கள். ஒன்பது வந்தால் சரி, எட்டு வந்தால் உங்கள் முஷ்டி பெரிசு, 45 நிமிடம் என்று கணக்கு வையுங்கள்.

மெரினாவில் காலையில் இது கச்சிதமாக வேலை செய்யும், ஏனென்றால் கடல் கிழக்கே இருக்கிறது, அடிவானம் கோடு போட்டமாதிரி இருக்கும். சாயங்காலம் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் போய்விடும், அங்கே அடிவானம் தெரியாது. பரவாயில்லை, ஏதோ ஒரு மொட்டைமாடித் தண்ணீர் டேங்கின் விளிம்பிலிருந்து இப்போது இத்தனை முஷ்டி, அப்புறம் அதே இடத்தில் நின்று இத்தனை முஷ்டி என்று கழித்தால் போதும். சூரியனை நேராகப் பார்க்காதீர்கள், கையாலேயே அதை மறைத்துக்கொண்டு அளவெடுங்கள். உச்சி வெயிலில் இந்த முறையை விட்டுவிடுங்கள். அடிவானத்திலிருந்து ரொம்ப விலகினால் கணக்கும் குழம்பும், கண்ணும் கெடும்.

உச்சி நேரத்துக்கு நிழல் இருக்கிறது. 1 மீட்டர் உயரக் குச்சி ஒன்றை மணலில் நேராக நட்டு, நிழலின் நுனியில் ஒரு கிளிஞ்சலை வையுங்கள். காலை 11 மணியிலிருந்து மதியம் ஒன்றரை வரை, வருஷத்தின் எந்த மாதமானாலும் அந்த நுனி மணிக்கு 25 முதல் 30 சென்டிமீட்டர் கிழக்குப் பக்கமாக நகரும், அதாவது ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே. நாலு விரல் அகலம் நகர்ந்திருந்தால் கால் மணி நேரம். குச்சி அரை மீட்டர்தான் என்றால் எல்லாம் பாதி. காலை 9 மணி, மாலை 3 மணி வாக்கில் நுனியின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும் என்பதை மறக்காதீர்கள். சிலர் நிழல் எவ்வளவு கோணம் திரும்பியது என்று பார்ப்பார்கள். அது நம் ஊருக்குச் சரிப்படாது, தலைக்கு மேலே சூரியன் கடக்கும்போது நிழல் சட்டென்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் புரண்டுவிடும். தூரத்தை அளவெடுங்கள், கோணத்தை விட்டுவிடுங்கள்.

கோணம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. குச்சியை நடாமல் தெற்கு வடக்காகப் படுக்க வைத்து, வடக்கு முனையை மட்டும் தூக்குங்கள். 1 மீட்டர் குச்சிக்கு ஒரு சாண் தூக்கினால் அதுதான் 13 டிகிரி, துருவத்தை நோக்கிய சாய்வு. அந்தக் குச்சியில் ஒரு அட்டையைக் குறுக்கே, செங்கோணமாகச் செருகினால், அட்டையில் விழும் குச்சியின் நிழல் மணிக்குச் சரியாக 15 டிகிரி வீதம் சீராகத் திரும்பும். வெயில் காலத்தில் நிழல் அட்டையின் வடக்குப் பக்கத்திலும், ஐப்பசியிலிருந்து மாசி வரை தெற்குப் பக்கத்திலும் விழும்.

"மதியம் நிழல் வடக்கே காட்டும்" என்று படித்திருப்பீர்கள். ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் சென்னையில் உச்சி நேரத்தில் நேராக நிற்கும் எதற்கும் நிழலே கிடையாது. அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் மதிய நிழல் தெற்கே விழும். அப்புறம், நிழல் மிகக் குட்டையாக இருக்கும் நேரம் 12 மணி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நவம்பர் ஆரம்பத்தில் 11.52, பிப்ரவரி நடுவில் 12.23, சராசரியாக 12.09. இந்த ஒன்பது நிமிடத்துக்கு ஒரு கதை உண்டு. நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் 1802இல் கணித்த மெட்ராஸ் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னே. 1906இல் வந்த இந்திய நேரம் ஐந்தரை மணி முன்னே. வித்தியாசம் 8 நிமிடம் 46 விநாடி. நம் சூரியன் இன்னமும் மெட்ராஸ் நேரத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

நம் ஆட்களுக்கென்று ஒரு துரும்புக் கணக்கு இருந்தது, எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு தென்னை ஈர்க்குச்சியை உங்கள் விரல் அகலத்தில் 16 விரல் நீளத்துக்கு ஒடித்துக்கொள்ளுங்கள். அதை 'ட' மாதிரி மடக்கி, ஒரு பகுதி தரையில் கிடக்க, ஒரு பகுதி நேராக நிற்கவேண்டும். நிற்பதன் நிழல், கிடப்பதன் முனையில் சரியாகப் போய் முடியும் வரை மடிக்கும் இடத்தை மாற்றிக்கொண்டே வாருங்கள். நிற்கிற பகுதி எத்தனை விரலோ, காலையில் சூரியன் உதித்து அத்தனை நாழிகை. மதியத்துக்குப் பிறகு, அஸ்தமிக்க இன்னும் அத்தனை நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம், இரண்டரை நாழிகை ஒரு மணி நேரம். எட்டு நின்று எட்டு கிடந்தால் 3 மணி 12 நிமிடம் ஆகிறது, மார்ச்சில் சென்னையில் உண்மையில் 3 மணி 6 நிமிடம், ஒரு ஈர்க்குச்சிக்கு இது போதாதா? மற்ற அளவுகளில் கால் மணி, இருபது நிமிடம் முன்னே பின்னே இருக்கும். பங்குனியிலிருந்து புரட்டாசி வரை நம்பலாம். மார்கழியில் மட்டும் தொடாதீர்கள். அப்போது உச்சி நேரத்தில்கூட நிற்பது ஒன்பது விரலைத் தாண்டாது, ஆனால் விடிந்து 14 நாழிகை ஆகியிருக்கும்.

நடந்துகொண்டே இருக்கிறீர்கள் என்றால் இதெல்லாம் வேண்டாம், காலடியை எண்ணுங்கள். சாதாரண நடையில் நிமிடத்துக்கு 100 அடி என்பது பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும். வீட்டில் ஒரு தடவை கடிகாரம் வைத்துச் சரிபார்த்துக்கொண்டால் நல்லது. ஒவ்வொரு நூறுக்கும் ஒரு கூழாங்கல்லை வலது பாக்கெட்டிலிருந்து இடதுக்கு மாற்றுங்கள். (பட்டாணி சுண்டலை வைத்து எண்ண வேண்டாம், கணக்கு வயிற்றுக்குப் போய்விடும்.) மெரினாவில் காந்தி சிலையிலிருந்து உழைப்பாளர் சிலை ஏறக்குறைய 2 கிலோமீட்டர், நடைபாதையில் நிதானமாகப் போனால் 25 நிமிடம், மணலில் இறங்கினால் இந்தக் கணக்கு செல்லாது.

பறவை, பூ, மரம் எல்லாம் அழகு, ஆனால் அளவுகோல் இல்லை. அந்திமந்தாரை நாலு, ஐந்து மணிக்கு விரியும். நம் தெருக்களில் நிற்கும் தூங்குமூஞ்சி மரம் அஸ்தமனத்தை ஒட்டி இலைகளை மடிக்கும், மழை மேகம் திரண்டாலும் மடிக்கும், அங்கேதான் சிக்கல். கடற்காற்றும் அப்படித்தான், ஒருநாள் பன்னிரண்டுக்கு வரும், ஒருநாள் மூன்றாகியும் வராது. நம்பத் தகுந்தது பள்ளிவாசலின் அஸர் பாங்கு, அதாவது பிற்பகல் தொழுகைக்கான அழைப்பு, ஏனென்றால் அந்தத் தொழுகை நேரமே நிழலின் நீளத்தை வைத்து வருவது. சூரிய வட்டம் அடிவானத்தைத் தொட்டது முதல் மறைவது வரை இங்கே இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல், அதற்குப் பிறகு வெளியில் படிக்கிற வெளிச்சம் இருபது நிமிடம்தான் தாங்கும்.

ராத்திரியில் முஷ்டிக் கணக்கு இன்னும் சுகம். நிலாவை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதுவும் அடிவானத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது முஷ்டிக்கு 40 நிமிடம்தான். பௌர்ணமி நிலா அஸ்தமனத்தை ஒட்டிக் கடலிலிருந்து ஏறும், அடுத்தடுத்த நாள் சுமார் 50 நிமிடம் தாமதமாக வரும். வளர்பிறை அரைநிலா சாயங்காலம் உச்சியில் நின்று நடுராத்திரி வாக்கில் மறையும். நிலா இல்லாத நாளில், டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, ஓரியன் என்ற நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்கள் நகர வெளிச்சத்திலும் தெரியும். அந்த வரிசையின் நீளம் அளவுக்கு அவை நகர 11 நிமிடம் ஆகும். ஒரு கட்டடத்தின் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். துருவ நட்சத்திரத்தைச் சுற்றும் சப்தரிஷி மண்டலத்தைக் கடிகாரமாகப் படிக்கும் முறை இங்கே உதவாது. துருவமே 13 டிகிரி உயரத்தில் புகையிலும் கட்டடத்திலும் ஒளிந்திருக்கும், சப்தரிஷியும் பாதி நேரம் அடிவானத்துக்குக் கீழே போய்விடும்.

சரி, சூரியனும் இல்லை, நிலாவும் இல்லை, மழை. 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு மின்சாரம் போய் போனும் செத்துக் கிடக்கும் நாள் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. அதற்குக் கொட்டாங்குச்சி. கண் இருக்கும் பாதியை எடுத்து, மூன்று கண்ணில் மெத்தென்று இருக்கும் ஒன்றை மட்டும் ஆணியால் குத்தி, ஒரு வாளித் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். அடியிலிருந்து தண்ணீர் ஏறி, நிறைந்ததும் மூழ்கும். மூழ்க அடம்பிடித்தால் உள்ளே ஒரு கல், எப்போதும் அதே கல். ஓட்டை சிறிசாக இருந்தால் நேரம் அதிகம். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள், ஒரு தூசி அடைத்தாலே போச்சு. அந்தக் காலத்து நாழிகை வட்டில் இதே வேலைதான் செய்தது. ஓட்டை போட்ட பாட்டிலில் சொட்டவிடும் முறையைவிட இது மேல், ஏனென்றால் பாட்டிலில் தண்ணீர் குறையக் குறையச் சொட்டும் வேகமும் குறையும், கொட்டாங்குச்சி ஒவ்வொரு தடவையும் புதிதாக ஆரம்பிக்கிறது. ஊதுவத்தி காற்றில்லாத மூலையில் பரவாயில்லை, திறந்தவெளியில் இஷ்டத்துக்கு எரியும்.

கொட்டாங்குச்சி மூழ்க எத்தனை நிமிடம் என்று அளக்கவும் கடிகாரம் இல்லையா? ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். முடிச்சிலிருந்து கல்லின் நடு வரை 1 மீட்டர் இருந்தால், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவது ஒரு விநாடி, திரும்பி வருவது இன்னொரு விநாடி. ரொம்ப வீசி ஆட்டாமல் ஒரு கையகலம் மட்டும் ஆட்டுங்கள், காற்றுப் படாத இடமாகப் பாருங்கள். ஒருவர் எண்ண, இன்னொருவர் கொட்டாங்குச்சியைப் பார்த்துக்கொள்ளட்டும். 480 எண்ணி முடிக்கும்போது மூழ்கினால் எட்டு நிமிடம், மூன்று தடவை மூழ்கினால் ஒரு நாழிகை. 1 மீட்டரை அளக்க டேப் இருக்காது என்பதால், உங்கள் இடது தோளிலிருந்து நீட்டிய வலது கை விரல்நுனி வரை எவ்வளவு என்று இன்றைக்கே அளந்து மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.