ஐ2பி ரூட்டர் ஓடுகிறது, தளம் மட்டும் திறக்கவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

அடையாளத்தை மறைத்துத் தொடர்புகொள்ள உதவும் வலையமைப்பான ஐ2பி-யை நிறுவி, உலாவியில் ப்ராக்ஸியாக 127.0.0.1, போர்ட் 4444 என்று கொடுத்தாயிற்று. ஆனாலும் ஒரு டாட் ஐ2பி தளம்கூடத் திறக்க மாட்டேன் என்கிறது. புதிதாக வருகிறவர்கள் உடனே ரூட்டரை நிறுத்தித் திரும்ப ஓட விடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். நிறுத்தினால் கட்டி முடித்த டன்னல்கள் (மற்றவர்களின் ரூட்டர்கள் வழியாகப் போகும் பாதைகள்) அத்தனையும் போய்விடும், மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். 2003 முதல் தன்னார்வலர்கள் கட்டிவரும் இந்த வலையமைப்பில் மைய சர்வர் கிடையாது. உங்கள் ரூட்டர் மற்றவர்களைக் கண்டுபிடித்துப் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். அரை மணி நேரமாவது விட்டுப் பாருங்கள்.

இங்கே ரூட்டர் என்பது உங்கள் கணினியில் ஓடும் ஐ2பி மென்பொருள். வீட்டு வைஃபை பெட்டியை மோடம் என்றே சொல்கிறேன். மெனுக்கள் ஜாவா பதிப்புக்கானவை, அதன் கன்சோல், அதாவது உலாவியில் திறக்கும் கட்டுப்பாட்டுப் பக்கம், 127.0.0.1:7657-இல் இருக்கும். ஐ2பிடி என்ற சி++ பதிப்பை வைத்திருப்பவர்களுக்கு போர்ட் 7070. தோற்றம் மாறும், சரிபார்க்கும் வரிசை மாறாது.

படி 1: கடிகாரம்

அற்பமாகத் தெரியும், ஆனால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். கன்சோலின் பக்கப்பட்டியில் ‘க்ளாக் ஸ்கியூ’ என்று பிழை வந்தால் வேறு எதையும் தொடாதீர்கள். நேரம் ஒரு நிமிடத்துக்கு மேல் பிசகினாலே மற்ற ரூட்டர்கள் உங்கள் இணைப்பை மறுத்துவிடும். அதோடு, வலையமைப்பின் தகவல் களஞ்சியத்தில் எந்தத் தகவல் யாரிடம் இருக்கும் என்பது அன்றைய யுடிசி (உலகப் பொது நேரம்) தேதியையும் சேர்த்துத்தான் கணக்கிடப்படுகிறது. தேதி தவறினால் தவறான ரூட்டரிடம் போய்க் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

திரையில் நேரம் சரியாகத் தெரிவது மட்டும் போதாது. நேர மண்டலத்தை யுடிசி-யிலேயே விட்டுவிட்டு, மணியை மட்டும் கையால் இந்திய நேரத்துக்கு மாற்றியிருந்தால் உள்ளுக்குள் ஐந்தரை மணி நேரம் பிசகியிருக்கும். விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்களுக்கும் இது நடக்கும்: வன்பொருள் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் யுடிசி-யாகவும் படிக்கின்றன. நேர மண்டலத்தைச் சரியாக வைத்து, தானியங்கி நேர ஒத்திசைவை இயக்கிவிடுங்கள்.

படி 2: பியர்கள்

பக்கப்பட்டியில் ‘ஆக்டிவ்’ என்ற இடத்தில் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் கடந்த சில நிமிடங்களில் உங்களோடு பேசிய பியர்கள், அதாவது மற்றவர்களின் ரூட்டர்கள். அது 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவலையில்லை, அடுத்த படிக்குப் போங்கள்.

பூஜ்யத்திலேயே நின்றால் ரீசீட் நடக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். முதல் முறை ஓடும்போது, சில ரூட்டர்களின் முகவரிகளைத் தன்னார்வலர்கள் நடத்தும் ரீசீட் சர்வர்களிலிருந்து ரூட்டர் இறக்கிக்கொள்ளும். ஆன்டிவைரஸோ அலுவலக நெட்வொர்க்கோ அதைத் தடுத்திருக்கலாம். ரீசீட் அமைப்புப் பக்கத்தில் கையாலும் செய்யலாம். சர்வர்களே எட்டவில்லை என்றால், ஏற்கெனவே ஐ2பி ஓட்டும் நண்பர் தன் கன்சோலில் ரீசீட் கோப்பு உருவாக்கித் தரலாம். நன்கு தெரிந்தவரிடம் மட்டும் வாங்குங்கள். கெட்ட எண்ணம் உள்ளவர் தரும் கோப்பில் அவருடைய ரூட்டர்கள் மட்டுமே இருக்கக்கூடும்.

படி 3: போர்ட்

பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இங்கேதான். நிலை ‘ஓகே’ என்றால் தாண்டிவிடுங்கள். ‘ஃபயர்வால்ட்’ என்றால் வெளியிலிருந்து யாரும் உங்களை நேரடியாகத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று பொருள்.

நிறுவும்போதே ரூட்டர் தனக்கென ஒரு போர்ட்டைத் தற்செயலாகத் தேர்ந்துகொள்ளும். நெட்வொர்க் அமைப்புப் பக்கத்தில் அந்த எண் இருக்கும். அதை யுடிபி, டிசிபி இரண்டுக்கும் திறக்க வேண்டும். டிசிபி-யை மட்டும் திறந்துவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. கணினியின் ஃபயர்வாலில் அனுமதி கொடுங்கள். அப்புறம் மோடத்தில் யுபிஎன்பி (போர்ட்டைத் தானாகத் திறந்துவிடும் வசதி) இயங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் போர்ட் ஃபார்வர்டிங் பகுதியில் நீங்களே எழுதிவிடலாம்.

இதெல்லாம் செய்தும் நிலை மாறவில்லையா? மோடத்தின் வேன் முகவரியை (இணைய நிறுவனம் மோடத்துக்குக் கொடுத்த முகவரி) பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி என்றால், உங்கள் இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. மோடத்தில் எத்தனை போர்ட் திறந்தாலும் பலன் இருக்காது. ஐபிவி6 கிடைத்தால் இயக்குங்கள், பெரும்பாலும் அதுவே போதும். அதுவும் இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம். ஃபயர்வாலுக்குப் பின்னால் உள்ள ரூட்டர்கள் ‘இன்ட்ரட்யூசர்’ எனப்படும் வேறு ரூட்டர்களின் அறிமுகத்தோடு இணைப்பு பெற்றுக்கொள்ளும். வேகம் குறையலாம், வேலை நடக்கும். இந்த நிலையில் உங்கள் ரூட்டரை ஃப்ளட்ஃபில்லாக (தகவல் களஞ்சியத்தை வைத்துக் காக்கும் ரூட்டராக) மட்டும் மாற்றாதீர்கள். எல்லோரும் வந்து தகவல் கேட்கும் ரூட்டரை எளிதில் எட்ட முடியாவிட்டால் அது மற்றவர்களுக்குத்தான் தொல்லை.

படி 4: டன்னல்கள்

ஐ2பி டன்னல் ஒருவழிப்பாதை. நீங்கள் அனுப்ப ஒன்று, பெற இன்னொன்று, எதிர்முனைக்கும் அப்படியே. ஒவ்வொன்றிலும் வழக்கமாக 3 ரூட்டர்கள் என்பதால், ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்புவதற்குள் 12 ரூட்டர்களைத் தாண்டுகிறது. ஒரு டன்னலின் ஆயுளும் 10 நிமிடம்தான். எனவே கட்டும் முயற்சிகளில் சில தோற்பது இயல்பு, ரூட்டரின் பதிவுகளில் (லாக்) அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அடிக்கடி அறுந்தால், ஹிட்டன் சர்வீசஸ் மேனேஜரில் ஹெச்டிடிபி ப்ராக்ஸியின் டன்னல் எண்ணிக்கையை ஒன்றிரண்டு கூட்டுங்கள். நீளத்தைக் குறைத்தால் வேகம் வரும் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. வரும்தான். ஆனால் அடையாளத்தை மறைக்க வந்துவிட்டு மறைப்பையே குறைப்பது என்ன கணக்கு? பேண்ட்வித் அமைப்பில் உங்கள் உண்மையான இணைய வேகத்துக்கு ஏற்ற எண்களை எழுதுவது நல்லது, இயல்பாக இருப்பவை தாழ்வானவை.

பதிப்பையும் பாருங்கள். 2023 தொடக்கத்தில் யாரோ வலையமைப்பையே தாக்கினார்கள். டன்னல் கட்டுவது எல்லோருக்கும் திணறியது. அமைப்புகளை மாற்றித் தீர்க்கக்கூடிய கோளாறு அல்ல அது, அடுத்தடுத்து வந்த புதிய பதிப்புகள்தான் நிலைமையைச் சீராக்கின.

படி 5: ஒரு தளம் மட்டும் திறக்கவில்லை என்றால்

பிழைப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். முகவரிப் புத்தகத்தில் அந்தப் பெயர் இல்லை என்று சொன்னால், அதே பக்கத்தில் தரப்படும் ஜம்ப் இணைப்புகளில் (பெயருக்குரிய முகவரியைத் தேடித் தரும் சேவைகள்) ஒன்றைச் சொடுக்குங்கள். தளத்தை எட்ட முடியவில்லை என்று சொன்னால் வேறு இரண்டு தளங்களைத் திறந்து பாருங்கள். அவை திறந்தால் உங்கள் பக்கம் கோளாறு இல்லை. பல தளங்கள் யாருடைய வீட்டுக் கணினியிலோ ஓடுபவை, அவர் அணைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கலாம்.

எங்காவது உதவி கேட்கும்போது பதிவுகளை அப்படியே ஒட்டாதீர்கள், உங்கள் ஐபி முகவரி, போர்ட், ரூட்டர் அடையாளம் மூன்றையும் நீக்கிவிடுங்கள். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் பக்கப்பட்டியின் ‘ஷட்டவுன்’ பொத்தானை அழுத்துங்கள். உங்கள் வழியாகப் போகும் பிறருடைய டன்னல்கள் முடியும்வரை, சுமார் 10 நிமிடம், ரூட்டர் பொறுத்திருந்து தானே நின்றுவிடும்.